வரும்போதே பேரைச் சொல்லு

கண்ணு,

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் ஒண்டிக்கடை முக்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் பாய். எனக்குக் கையெழுத்துப் போடவும் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கச் சிரமம் என்று அவர் சொற்களை ஒழுங்கு பண்ணி எழுதுகிறார். விஷயத்தை மாற்றவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காது இன்றைக்கும் கூர்மை. இதை அவள் கேட்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் அவளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, நம் ஊர் வாழவந்தியில் பஸ் ஏறி இங்கே வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் காதிலும் விழுகிறது. விழட்டும். வயசான தாய் தகப்பன் உள்ள யார் கேட்டாலும் நல்லதுதான் என்கிறார் பாய்.

போன வாரம் நீ திருப்பூரிலிருந்து பேசினாய். சேலத்தில் ஒரு இல்லத்தில் அம்மாவுக்கு இடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்றாய். நான் "செரி சாமி" என்றேன். அவளுக்குக் கண் ஆப்பரேசன் ஆகிவிட்டது, இப்போது நன்றாகப் பார்க்கிறாள் என்றும் சொன்னேன். நீ சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "கண்ணு நல்லா இருந்து என்னங்கப்பா பண்றது, மண்டையில ஒண்ணும் நிக்கலையே. பெத்த பையனையே யாருன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு இனி எங்க இருந்தாலும் ஒண்ணுதானுங்க." அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. போன தை மாதத்திலிருந்து இருக்கிறது. அன்றும் சொல்லவில்லை. நீ போனை வைத்துவிட்டாய். உன் அம்மா, "சேகரு என்னங்க சொல்றான்?" என்று கேட்டாள். "மழை பெய்யுதான்னு கேட்டான்" என்றேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட அந்தப் பதிலைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் மூக்குக் கண்ணாடி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும்.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, உன் பையனுக்கு எழுத்து ஏறவில்லை, போர்டில் எழுதியதைப் பார்த்து ஒரு வரி எழுதத் தெரியவில்லை என்றார். எழுத்து ஏறாத தகப்பனுக்கு எழுத்து ஏறாத பிள்ளை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வெறுமனே முடிவு கட்டவில்லை, அடித்தேன். "மண்டு" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டேன். சந்தையில், பஸ்ஸில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், எல்லா இடத்திலும் உனக்கு அதுதான் பெயர். ஒரு லீவு நாளில் உன் அம்மா உன்னைக் காப்பிப் பறிப்புக்குத் தன்னோடு எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போனாள். சாயங்காலம் வந்தவள் கூடையைக்கூட இறக்கவில்லை. "ஏனுங்க, இவன் மண்டு இல்லீங்க. ஒவ்வொரு பழத்தையும் மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துட்டுத்தான் பறிக்கறான். எட்டத்துல இருக்கறது பச்சையா செகப்பான்னு அவனுக்குப் புடிபடல. கண்ணைக் காட்டோணும்" என்றாள். நான் சிரித்தேன். "படிக்கச் சோம்பேறித்தனம்டி, கண்ணுல என்ன" என்றேன். அவள் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் உன்னை இடுப்பில் தூக்காத குறையாகச் சேலத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மலை ஏறி வந்த பஸ்ஸில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையில் எழுதியிருந்த எண்ணை நீ சத்தம் போட்டுப் படித்தாய் என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு நான் உன்னை மண்டு என்று கூப்பிட்டதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது எனக்கு மறக்கவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. எந்தத் தோட்டத்தில் எந்தப் பலா மரத்தை யார் நட்டார், எந்த வருஷம் எந்தப் பாறை உருண்டது, யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார் என்று ஊரில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். எழுத்து இல்லாதவனுக்கு மனசுதான் நோட்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட எனக்கு, நாலு வருஷம் முன்னால் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நீ பழத்தை மூக்குக்கிட்ட வைத்துப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

ரைட்டர் நல்ல மனுஷன்தான். "பெரியவரே, அம்மாவோட கூடையில பாதிக்குப் பாதி பச்சக்காய் கெடக்குது. முப்பது வருஷமா இவங்க கூடையத்தான் மத்தவங்களுக்குக் காட்டுவோம். இப்ப என்னங்க ஆச்சு? நெனப்பு தடுமாறுது போல. ஊட்லயே வெச்சுக்குங்க" என்றார். அவள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. முப்பது வருஷம் பழமும் காயும் பிரித்த கை ஒரே வருஷத்தில் எப்படி மறக்கும் என்று நான் யோசிக்கவில்லை. வயசாகிவிட்டது, புத்தி மங்குகிறது என்று ரைட்டர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டேன். யாராவது ஒரு காரணம் சொன்னால் போதும் என்று இருந்தேன்.

அதன் பிறகு எல்லாம் அந்தக் காரணத்துக்குள்ளேயே போய் விழுந்தது. காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் எங்கே இருக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். நான்தான் சுத்தம் பண்ணுகிறேன் என்று இடத்தை மாற்றி வைத்திருந்தேன். கொடியில் தொங்கிய என் கம்பளியைப் பார்த்து, "நிக்கறீங்களே, வந்து உக்காருங்க" என்றாள். எதிரில் வருகிறவர்கள் யார் என்று பிடிபடாததால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஊரில் "அந்தம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியல" என்றார்கள். கூப்பிட்ட குரலுக்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு அதுவும் குறைந்தது. ஒருநாள் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டாள். அவளை அடுப்பிலிருந்து எழுப்பி மூலையில் உட்கார வைத்தேன். கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கொக்கி போட்டேன். நான் காட்டுக்குப் போகும்போது கொக்கியை மாட்டிவிட்டுப் போவேன். அவள் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பாள். வேலை இல்லை, பேச்சு இல்லை, பார்க்க ஒன்றும் இல்லை. அப்படி உட்கார வைத்தால் எனக்கே புத்தி போயிருக்கும்.

மலைக்குக் கீழே ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் என்ன மாசம் என்று கேட்டார். "ஆடி முடிஞ்சு ரண்டு வாரமாச்சுங்க" என்று சரியாகத்தான் சொன்னாள். பிறகு ஒரு அட்டையை நீட்டினார். அதில் சின்னச் சின்னதாகப் படங்கள். இது என்ன மிருகம், இது என்ன சாமான் என்று வரிசையாகக் கேட்டார். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் டாக்டரைப் பார்த்தாள், பிறகு நான் இருந்த பக்கம் திரும்பினாள். நான் முந்திக்கொண்டு, "அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லீங்க" என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். மறதி நோய் என்று மாத்திரை கொடுத்தார். படம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்புறம் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நீ வந்த நாளுக்கு வருகிறேன்.

முந்தாண்டு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நீ வந்தாய். கோயிலுக்குப் போகும் முன்னால் வீட்டுக்கு வந்தாய். நான் வாசலிலேயே உன்னைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே கட்டிலில் இருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். "பேசாத சாமி. சத்தம் போடாம முன்னால போயி நில்லு. கண்டுபுடிக்கறாளான்னு பாக்கலாம்." நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான் இது. வயசானவர்களைப் பார்க்கப் போனால், "நா யாருன்னு சொல்லு பாப்போம்" என்று முன்னால் போய் நிற்பார்கள். விளையாட்டு மாதிரி, அன்பு மாதிரி. நான் அதையும் தாண்டி உன் வாயை அடைத்தேன். நீ நின்றாய். உனக்குப் பின்னால் வாசல் வெளிச்சம். நீ முன்பைவிடப் பருத்திருந்தாய், தாடி வைத்திருந்தாய். அவள் தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, "யாருங்க? எஸ்டேட்டுல இருந்துங்களா? உக்காருங்க சாமி, காப்பித்தண்ணி வெக்கறேன்" என்றாள். நான் உன்னிடம் "பாத்தியா" என்றேன். ஆமாம், கண்ணு. எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. நான் சொன்னது சரி என்று ஆகிவிட்ட திருப்தி. நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். கொண்டுவந்த சேலைப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கோயிலுக்கும் போகாமல் பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் உன்னைக் கண்டுபிடித்திருப்பாள். "அம்மா" என்று ஒரு சத்தம் போதும். அந்தச் சத்தத்தை நிறுத்தினவன் நான். போனில் நீ சொன்னதற்கு என்னிடம் இருந்த பதில் இதுதான். அவள் உன்னை மறக்கவில்லை. அவளுக்கு உன் முகம் தெரியவில்லை. நானும் நீயும் அதை மறதி என்று எடுத்துக்கொண்டோம்.

கண்டுபிடித்தவர் இதை எழுதுகிற பாய்தான். இதை எழுத அவர் கூச்சப்படுகிறார், நான் விடவில்லை. போன தை மாதம் ஒருநாள் அவளைத் தனியாக விட முடியாமல் கடைக்குக் கூட்டி வந்தேன். அவர் பொட்டலத்தை நீட்டினார், அவள் கை வேறு பக்கம் போனது. அவர் "இங்கீங்கக்கா" என்றார். குரலைக் கேட்டதும் அவள், "பாயிங்களா? உங்க ரண்டாவது பொண்ணுக்கு இது ஒம்பதாவது மாசமில்லீங்க? பிரசவம் ஆச்சுங்களா?" என்று கேட்டாள். பாய் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, அக்காவுக்கு மறதின்னுதான சொன்னீங்க? எம்பொண்ணு மாசத்த எஞ்சம்சாரமே வெரல் விட்டு எண்ணோணும்."

"சிலது இருக்குதுங்க பாய், சிலது இல்ல" என்றேன்.

"அக்கா, இப்பிடி வெயில் பக்கம் திரும்புங்க" என்றார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க இவங்க மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சுங்க? கண்ணுக்குள்ள தேங்காப் பத்தையாட்டம் வெள்ளையா நிக்குது. எனக்கும் இதே கண்ணுப் பொரைதான், போன வருசம் எடுத்தாங்க. எடுக்கற வரைக்கும் கல்லாப்பெட்டிக்கு முன்னால நிக்கறது மாமனா மச்சானான்னு எனக்கே புடிபடல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பேர்தான். எதிரெதிரே உட்கார்ந்துதான் சோறு தின்கிறோம்.

இலவச முகாம் வண்டியில் சேலத்துக்குப் போனோம். முதலில் வலது கண். மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். சிஸ்டர் பஞ்சால் துடைத்துவிட்டு, "யாரு தெரியறாங்க பாட்டி?" என்று கேட்டது. அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏனுங்க, உங்களுக்குப் பல்லெல்லாம் எப்பக் கொட்டுச்சு?" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளே ஒன்றும் வரவில்லை. சந்தோஷம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, வரவில்லை. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒட்டடையைப் பார்த்துவிட்டு, "இந்த ஊட்டுலயா நா இருந்தேன்?" என்று கேட்டு, விளக்குமாற்றை எடுக்கப் போனாள். குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பிடுங்கி நானே கூட்டினேன். அவள் உட்கார்ந்து, "அங்க, அங்க" என்று விரலைக் காட்டிக்கொண்டே இருந்தாள். கதவுக் கொக்கியையும் பார்த்தாள். அன்று மத்தியானம் அதைக் கழற்றினேன்.

அப்போதுதான் கேட்டேன், கண் மங்கினதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. "எனக்கு என்னங்க தெரியும்? வெளிச்சம் கொறைஞ்சுட்டே வந்துச்சு. எல்லாரும் புத்தி போச்சுன்னு சொன்னீங்க. செரி, புத்தி போனா இப்படித்தான் இருட்டா இருக்குமாட்ட இருக்குதுன்னு நெனச்சேனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போட்டார்கள் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

உன்னை ஏமாற்ற மாட்டேன். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. செத்துப்போன தன் தங்கச்சியை ஏன் இன்னும் காணோம் என்று சில நாள் கேட்கிறாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறாள். இப்போது டப்பா நன்றாகத் தெரிகிறது, முன்னால் போட்டதுதான் நினைவில் இல்லை. கேட்டதையே மறுபடி கேட்கிறாள். கண் டாக்டரிடம் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள்: கண்ணோ காதோ மங்கி, பேச்சுத் துணை இல்லாமல் ஒதுங்கி உட்கார்ந்தால் மூளையும் சேர்ந்து மங்கும், கொஞ்சம் தெளியலாம், அடியில் நிஜ மறதியும் இருக்கலாம், எது எவ்வளவு என்று இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டு, நாலு மனுஷரோடு பேசிப் பழகவிட்டு, அதற்குப் பிறகு பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் சொல்லியிருக்கிறார்கள். நீ வண்டி அனுப்புகிறேன் என்ற அதே மாதம்.

அதனால் வண்டி வேண்டாம், கண்ணு. இல்லத்தைக் குறை சொல்லவில்லை. நல்ல இடமாகவே இருக்கும். ஆனால் புது இடத்தில் புதுச் சுவர், புதுப் படி, யாரென்று தெரியாத குரல்கள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவள் இப்போதுதான் தன் வீட்டில் எது எங்கே என்று பார்த்து எடுக்கிறாள். மறுபடி மூலையில் உட்கார்ந்துவிட்டால் இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள். அவளை ஒரு தடவை உட்கார வைத்தவன் சொல்கிறேன். உன் மாமியாருக்கும் வயசாகிறது. அவர் எதையாவது மறந்தால் முதலில் கண்ணைக் காட்டு, காதைக் காட்டு, மற்றது பிறகு. எனக்கும் ஒரு கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம். நாளைக்கு நான் பேச்சைக் குறைத்துக்கொண்டால் என் முன்னால் வந்து நின்று பரீட்சை வைக்காதே. வெளிச்சத்துப் பக்கம் திருப்பி என் முகத்தைப் பார்.

அடிக்கப்பட்டு, மண்டு என்று பேர் வாங்கி, கடைசியில் கண்ணாடி போட்டவன் நீ. இதை என்னைவிட நீதான் சீக்கிரம் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். பாய் பேனாவை நிறுத்திவிட்டு, "அது வேண்டாங்க" என்றார். சரிதான். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உனக்கு அவள் செய்ததை அவளுக்குச் செய்ய வேண்டியவன் நான். நீ பழத்தை மூக்குக்கிட்ட வைத்ததும் ஞாபகம் இருந்தது, அவள் கூடையில் பச்சைக்காய் கிடந்ததும் ஞாபகம் இருந்தது. எல்லா ஞாபகமும் இருந்து என்ன செய்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நீ வைத்துவிட்டுப் போன சேலையைப் போன மாதம்தான் அவள் பிரித்துப் பார்த்தாள். வாழை இலைப் பச்சை, அரக்குக் கரை. "சேகரு எடுத்தாத்தான் இப்பிடி எடுப்பான்" என்று மடியில் வைத்துத் தடவினாள். நீ வந்து போனதை அவளிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அழுவாள், அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று வந்த ஆளை அவள் மறக்கவில்லை, சாமி. தங்கச்சி செத்தது மறந்துவிட்டது, அந்த ஆள் மறக்கவில்லை. நாலு நாளைக்கு ஒருதரம் கேட்கிறாள். "அன்னிக்கு எஸ்டேட்டுல இருந்து ஒருத்தரு வந்து நின்னாரே, ஒண்ணும் பேசாம அழுதுட்டுப் போனாரே. என்ன கஷ்டமோ. ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடிக்கல. நல்லா இருக்கறாருங்களா?" நான் நல்லா இருக்கிறார் என்கிறேன்.

இன்று காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் கேட்டாள். வழக்கமான பதிலைச் சொன்னேன். என் செருப்பு எங்கே என்று அவளே பார்த்து எடுத்துக் காலுக்கு முன்னால் போட்டாள். "அவரு மறுக்கா வந்தா நிக்க வெக்காதீங்க. பாவம், வெக்கப்பட்டாரு போல. தடத்துல வரும்போதே பேரச் சொல்லிட்டு வரச் சொல்லுங்க. நா அடுப்பப் பத்த வெச்சர்றேன்" என்றாள்.

அப்படியே வா. தாடி இருந்தாலும் பரவாயில்லை. நான் வாசலில் வந்து உன்னைத் தடுக்க மாட்டேன். வேலி தாண்டும்போதே, வீடு தெரியும் முன்னாலேயே, சத்தமாகப் பேரைச் சொல்லிக்கொண்டு வா.

உன் அப்பா